புது டேப்லெட்: ஆசை சரி, சந்தேகமும் சரி, எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான். புதிதாக ஒரு டேப்லெட்டை அறிவித்திருக்கிறார்கள். பேனா உண்டு, கழற்றி மாட்டும் கீபோர்டு உண்டு, "இனி லேப்டாப் எதற்கு?" என்ற விளம்பரமும் உண்டு. கேட்டவரிடம் இருக்கும் ஐந்து வருடப் பழைய லேப்டாப் மூச்சு வாங்குகிறது. படிக்க, குறிப்பெடுக்க, கொஞ்சம் எழுத்து வேலை பார்க்க இது போதுமா? நண்பர்களோ "பெரிய சைஸ் போன்தானே, ஆறு மாதத்தில் மூலையில் கிடக்கும்" என்று பயமுறுத்துகிறார்களாம். முன்பதிவு செய்துவிடலாமா, பொறுத்துப் பார்க்கலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். கையில் வாங்கும் அன்றைக்கு அதில் என்ன வேலை செய்கிறதோ அதற்கு மட்டும் காசு கொடுங்கள். "விரைவில் அப்டேட்டில் வரும்" என்று எது எழுதியிருந்தாலும் அது இல்லை என்றே கணக்கு வையுங்கள். டேப்லெட் வாங்கி ஏமாந்தவர்களில் பலர் தடுக்கி விழுந்த இடம் அதுதான். வீணாகச் சந்தேகப்பட்டவர்களும் உண்டு, அவர்கள் கதையும் இதில் வரும்.

இந்த ஆசை இன்று நேற்று முளைத்ததில்லை. 1972-இலேயே கணினி விஞ்ஞானி ஆலன் கே, குழந்தைகள் நோட்டுப் புத்தகம்போலத் தூக்கிக்கொண்டு திரியக்கூடிய 'டைனாபுக்' என்ற கணினியைக் காகிதத்தில் வரைந்து காட்டிவிட்டார். அதைச் செய்யத் தேவையான திரையும் பேட்டரியும் அப்போது உலகத்தில் இல்லை. 1989-இல் கிரிட்பேட் என்று ஒன்று வந்தது, பேனாவால் தொட்டு வேலை பார்க்கலாம். 2001 நவம்பரில் பில் கேட்ஸ் மேடையேறி, ஐந்து வருடத்துக்குள் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வகை டேப்லெட் பிசியாகத்தான் இருக்கும் என்றார். நடக்கவில்லை. மவுஸுக்காகச் செய்த விண்டோஸை அப்படியே பேனாவிடம் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. சின்னச் சின்னப் பொத்தான்களைப் பேனா முனையால் குறிபார்த்துத் தொட வேண்டியிருந்தது.

அப்புறம் 2010 ஜனவரி 27. ஆப்பிளின் முதல் ஐபேட் அறிவிப்பு. அன்றைக்கு எழுந்த சந்தேகங்களை இன்று திரும்பப் படித்தால் சிரிப்பு வரும். பெயரே சரியில்லை என்று ஒரு பெரிய கேலி. கேமரா இல்லை, யுஎஸ்பி இல்லை, ஒரே நேரத்தில் இரண்டு ஆப் ஓடாது, ஃப்ளாஷ் (அன்று இணையப் பக்கங்களில் வீடியோவும் விளையாட்டும் ஓட்டிய மென்பொருள்) ஓடாது, மொத்தத்தில் வீங்கிப்போன ஐபாட் டச் (ஆப்பிளின் பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவி). விற்பனை தொடங்கிய 28 நாளில் பத்து லட்சம் விற்றது. பெயரைப் பற்றிப் பேசுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். கேமரா அடுத்த வருடம் ஐபேட் 2-இல் வந்தது. எல்லாவற்றிலும் பெரிய குறையாகச் சொன்ன ஃப்ளாஷ்? 2011 நவம்பரில் அடோபியே மொபைல் பிரௌசர்களுக்கான ஃப்ளாஷைக் கைவிட்டது.

ஆனால் அந்த ஐபேடில் உண்மையான குறை ஒன்று இருந்தது. 256 எம்பி ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். அறிவிப்பு நாளில் அதைப் பற்றிப் பெரிதாக யாரும் சத்தம் போடவில்லை, நிறுவனமும் அந்த எண்ணை மேடையில் சொல்லவில்லை. பிரௌசரில் நாலு பக்கம் திறந்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினால் அது மறுபடி முதலிலிருந்து லோடாகும். பாதி நிரப்பிய படிவம் போயே போச்சு. 2012 செப்டம்பரில் ஐஓஎஸ் 6 வந்தபோது முதல் ஐபேடுக்குக் கிடைக்கவில்லை. விற்பனைக்கு வந்து இரண்டரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எல்லோரும் பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அதன் ஆயுளை முடிவு செய்தது கண்ணில் படாத அந்த எண்.

பெரிய ஆட்களின் சந்தேகமும் தப்பும். 2010 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஏழு அங்குல டேப்லெட்டுகள் பிறக்கும்போதே செத்துப் பிறக்கும், விரலைத் தேய்த்துச் சின்னதாக்க உப்புத்தாளும் கூடவே தர வேண்டும் என்று கிண்டலடித்தார். இரண்டே வருடத்தில் அவருடைய நிறுவனமே 7.9 அங்குல ஐபேட் மினியை விற்றது.

இனி ஆசைப்பட்டவர்கள் கதை. 2011-ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். பிப்ரவரியில் மோட்டோரோலா ஜூம் வந்தது. மெமரி கார்டு போட ஓட்டை இருந்தது, ஆனால் கார்டு வேலை செய்யாது, அப்டேட்டில் வரும் என்றார்கள். 4ஜி வேண்டுமென்றால் டேப்லெட்டையே நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பி மாற்றி வாங்க வேண்டும். அது நடக்கச் செப்டம்பர் ஆனது. ஏப்ரலில் பிளாக்பெர்ரி பிளேபுக் வந்தது. ஈமெயிலுக்குப் பேர்போன நிறுவனத்தின் டேப்லெட்டில் சொந்தமாக ஈமெயில் ஆப் இல்லை. பிரௌசரில் பார்ப்பதை விட்டால், பிளாக்பெர்ரி போனோடு இணைத்தால்தான் அஞ்சலைப் பார்க்கலாம். அந்த ஆப் வந்து சேர்ந்தது 2012 பிப்ரவரியில். புதிய பிளாக்பெர்ரி 10 இயங்குதளம் பிளேபுக்குக்கும் வரும் என்று சொல்லியிருந்தார்கள், நம்பி வைத்திருந்தவர்களிடம் 2013 ஜூனில் "வராது" என்று சொல்லிவிட்டார்கள். அதே 2011 ஜூலை 1 அன்று எச்பி நிறுவனத்தின் 'டச்பேட்' என்ற டேப்லெட் கடைக்கு வந்தது, ஆகஸ்ட் 18 அன்று நிறுத்தியாகிவிட்டது. ஐம்பது நாள்கூட முழுதாக இல்லை. அதன் வெப்ஓஎஸ் அழகான இயங்குதளம், பயன்படுத்தியவர்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசுவார்கள். ஆப்கள் இல்லாமல் அழகை வைத்து என்ன செய்வது?

அடுத்த வருடம் வந்த சர்ஃபேஸ் ஆர்டி இன்னும் நல்ல பாடம். பார்த்தால் விண்டோஸ், டெஸ்க்டாப்கூட இருக்கிறது, ஆனால் நீங்கள் பல வருடமாக வைத்திருந்த விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் போட முடியாது. 32 ஜிபி மாடலில் நமக்கென்று கிடைத்தது ஏறக்குறைய பாதிதான். 2013 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதற்காக 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. "விண்டோஸ்" என்ற ஒரு சொல்லைப் பார்த்து வாங்கியவர்கள் கையில் இருந்தது வேறு ஏதோ.

இதையெல்லாம் எதற்கு இழுக்கிறேன் என்றால், உங்கள் கேள்வியில் இருக்கும் "லேப்டாப்புக்குப் பதிலா?" என்பதும் இதே ரகம்தான். ஐபேடையே பாருங்கள். கோப்புகளை அடுக்கி வைக்க ஒரு ஆப் வந்தது 2017-இல். பென்டிரைவைச் செருகிப் படிக்க முடிந்தது 2019-இல். டச்பேடும் மவுஸும் ஒழுங்காக ஓடியது 2020-இல். கால்குலேட்டர், ஆமாம், சாதாரணக் கால்குலேட்டர், கூடவே வந்தது 2024-இல். இத்தனைக்கும் 2021-லேயே லேப்டாப்பில் போடும் எம்1 சிப்பை அதற்குள் வைத்துவிட்டார்கள். சிப்பின் வேகத்துக்கும் "இதில் என் வேலை முடியுமா" என்பதற்கும் தூரம் அதிகம்.

அதனால் வேகக் கணக்கை விட்டுவிட்டு உங்கள் ஒரு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு நான் செய்து பார்ப்பதைச் சொல்கிறேன். ஈமெயிலில் ஒரு ஜிப் கோப்பு வருகிறது. அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் எக்செல் தாளைத் திறந்து, இரண்டு வரி திருத்தி, பக்கத்தில் ஒரு பிடிஎஃப்பைத் திறந்துவைத்து ஒப்பிட்டு, அதில் கையெழுத்துப் போட்டு, இரண்டையும் பெயர் மாற்றி, வேறொரு போல்டரில் சேமித்து, திருப்பி அனுப்ப வேண்டும். லேப்டாப்பில் இது யோசிக்காமல் கை செய்யும் வேலை. டேப்லெட்டில் கையெழுத்து மட்டும் பேனாவால் அழகாக, ஒரு நொடியில் முடியும். மற்ற இடங்களில் "ஷேர்" பொத்தானைத் தேடி, எந்த ஆப்பில் திறப்பது என்று கேட்கும் பட்டியலில் நிற்பேன். சேமித்தது திருத்தியதா, அதன் நகலா என்ற குழப்பமும் வரும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டில் இதை முழுதாகச் செய்ய விடமாட்டார்கள், ஆனால் ஆப்கள் எல்லாம் உங்கள் போனிலும் கிடைப்பவைதான். ஒரு நாள் உங்கள் வேலையைப் போனிலேயே முடிக்கப் பாருங்கள். திரை சின்னது என்பதால் எரிச்சல் வந்தால் டேப்லெட் அதைத் தீர்க்கும். வழியே இல்லாமல் எரிச்சல் வந்தால் டேப்லெட்டிலும் அதே எரிச்சல்தான், பெரிய திரையில்.

விண்டோஸ் ஓடும் டேப்லெட் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, அது லேப்டாப்பேதான். ஆனால் மடியில் வைத்து, கீபோர்டைக் கழற்றி, கையில் பிடித்துப் படிக்கும் சுகம் அதில் குறைவு. அதோடு சர்ஃபேஸ் பாணியில் பின்னால் முட்டுக்கொடுக்கும் தாங்கியும் வளைகிற கீபோர்டும் மேஜையில் நிற்கும், மடியில் ஆடும். கடையில் நின்றுகொண்டே பார்த்தால் இது தெரியாது. நாற்காலி கேட்டு உட்காருங்கள், மடியில் வைத்து நாலு வரி தட்டுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

கீபோர்டு பேச்சு வந்ததால் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் எழும்பும் கீபோர்டில் தமிழ் வருகிறது என்பதால் வெளியே மாட்டும் கீபோர்டிலும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் தனித்தனி ஏற்பாடு. தமிழ்99-ஓ, அஞ்சல் முறையோ, நீங்கள் பழகியது எதுவோ அதை மாட்டிய கீபோர்டில் அடித்து, மொழி மாற்றும் விசை எது என்றும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். "க்ஷ", "ஸ்ரீ" இரண்டையும் அடித்துப் பார்ப்பது என் வழக்கம்.

பேனா விஷயத்தில் ஆசைப்படுவது நியாயம், நான் ஆசைப்படுபவர்கள் கட்சி. குறிப்பெடுப்பதிலும் பிடிஎஃப்பில் கோடு போட்டுப் படிப்பதிலும் லேப்டாப் இதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் "பேனா உண்டு" என்பதில் இரண்டு வகை இருக்கிறது. ரப்பர் முனை வைத்த குச்சி வெறும் விரலுக்குப் பதில்தான், அதில் எழுதினால் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவதுபோல இருக்கும். அழுத்தத்தை உணர்கிற, உள்ளங்கை திரையில் பட்டாலும் கண்டுகொள்ளாத பேனா வேறு. சோதிப்பது சுலபம். உள்ளங்கையைத் திரையில் நன்றாகப் பதித்துக்கொண்டு உங்கள் வழக்கமான வேகத்தில் ஒரு பத்தி எழுதுங்கள். மெதுவாக எழுதாதீர்கள், மெதுவாக எழுதினால் எல்லாப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். கோடு முனைக்குப் பின்னால் வால்போல இழுபடுகிறதா, புள்ளிகள் விட்டுப்போகின்றனவா என்று பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை மாற்றப் பதினாறு மில்லி நொடிக்கு மேல் எடுக்கும், 120 ஹெர்ட்ஸ் அதில் பாதி. படம் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை, எழுதுபவருக்குத் தெரியும்.

பேனாவைச் சார்ஜ் செய்வது எப்படி என்றும் கேளுங்கள். 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் டேப்லெட்டுக்கு யுஎஸ்பி-சி, அப்போது அதற்கான பேனாவுக்கோ ஆப்பிளின் பழைய லைட்னிங் முனை. நடுவில் ஒரு குட்டி அடாப்டர். அதைத் தொலைத்துவிட்டால் பேனா வெறும் குச்சி.

படிக்கத்தான் வாங்குகிறேன் என்றால் திரையின் அங்குலத்தை விட அதன் வடிவம் முக்கியம். இதை யாரும் சொல்வதில்லை. 11 அங்குலம் என்று இரண்டு டேப்லெட்டிலும் போட்டிருக்கும். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றில் 4:3, இன்னொன்றில் 16:10. நிமிர்த்திப் பிடித்தால் முதலாவதன் அகலம் சுமார் 168 மில்லிமீட்டர், இரண்டாவதன் அகலம் சுமார் 148. ஏ4 தாளின் அகலம் 210. பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தினால் ஒன்றில் ஏ4 பக்கம் எண்பது சதவீத அளவில் தெரியும், மற்றதில் எழுபது சதவீதம். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான். அடிக்குறிப்பு எழுத்தைப் படிக்கும்போது, ஒன்றில் அப்படியே படிப்பீர்கள், மற்றதில் ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி நகர்த்துவீர்கள். சினிமாவுக்கு 16:10 நல்லது, கறுப்புப் பட்டை குறையும்.

சினிமா என்றதும் இன்னொன்று. விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் திரை கூர்மையாக இருக்கும், ஆனால் கட்டணம் கட்டிப் பார்க்கும் ஓடிடி ஆப்களில் படம் மங்கலாக ஓடும். நெட் சரியில்லை என்று ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். காரணம் வைட்வைன் என்ற திருட்டுத் தடுப்பு முறை. அதில் எல்1 நிலைக்குச் சான்று வாங்கியிருந்தால்தான் பல ஆப்கள் உயர்தரப் படத்தை அனுப்பும். எல்3 மட்டும் இருந்தால் பழைய டிவிடி அளவுத் தரத்தோடு நிறுத்திக்கொள்ளும். பெட்டியின் மேல் இதை எழுதமாட்டார்கள், விமர்சனங்களில் "வைட்வைன்" என்று தேடினால் கிடைக்கும்.

பெட்டியின் மேல் எழுதுவதிலும் சாமர்த்தியம் உண்டு. "8 + 8 = 16 ஜிபி ரேம்" என்று போட்டிருந்தால், ரேம் எட்டுதான். மிச்சம் எட்டு ஸ்டோரேஜில் ஒரு துண்டை எடுத்து ரேம் மாதிரி நடிக்கவைப்பது. அதே பெட்டியில் ஸ்டோரேஜ் இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா என்று தேடிப் பாருங்கள். இஎம்எம்சியில் ஒரு நேரத்தில் படிக்கலாம் அல்லது எழுதலாம், யுஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்தே செய்யும். பின்னணியில் ஆப்கள் அப்டேட் ஆகும்போது டேப்லெட் திடீரென்று உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம், ப்ராசஸரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. யுஎஸ்பி-சி ஓட்டை இருக்கிறது என்பதால் வேகமாகக் கோப்பு போகும், டிவியில் படம் வரும் என்றும் அர்த்தமில்லை. வடிவம் சி, உள்ளே ஓடுவது 2000-ஆம் ஆண்டுக் காலத்து யுஎஸ்பி 2.0 ஆக இருக்கலாம். வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில் ஜிபிஎஸ் கிடையாது, காரில் வரைபடத்துக்காக வாங்குபவர்கள் அதையும் கவனிக்கவும்.

கடைசியாக ஆயுள். உங்கள் நண்பர்கள் சொன்ன "மூலையில் கிடக்கும்" என்பதில் உண்மை இருக்கிறது, காரணம் மட்டும் வேறு. நான் முன்பு வைத்திருந்த ஒரு டேப்லெட்டை வேலை மும்முரத்தில் சில மாதம் தொடாமல் அலமாரியில் விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் திரையின் ஒரு ஓரம் நகம் நுழையும் அளவுக்கு எழும்பியிருந்தது. மேஜையில் வைத்தால் ஊஞ்சல்போல ஆடியது. பேட்டரி ஊதிவிட்டது. சர்வீஸில் கேட்டால், பேட்டரியை ஒட்டியிருக்கிறார்கள், திரையைப் பிரித்தால் உடையும், திரையோடு சேர்த்து மாற்றினால் புதுசு வாங்குவதே மேல் என்றார்கள். ப்ராசஸர் நன்றாக இருந்தது, திரை நன்றாக இருந்தது. அதன் இயங்குதள அப்டேட் ஏற்கெனவே நின்றுபோயிருந்ததால், வங்கி ஆப் அதற்கு முந்தைய வருடமே கையை விரித்துவிட்டது. (ஊதிய பேட்டரியைக் குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. குப்பையில் போடவும் கூடாது, மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுக்க வேண்டும்.)

இந்த விஷயத்தில் இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் டேப்லெட்டுகளுக்கு ஒரு விதி இருக்கிறது. பேட்டரி 800 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகும் குறைந்தது 80 சதவீதம் தாங்க வேண்டும். அந்த மாடல் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து ஐந்து வருடத்துக்காவது இயங்குதள அப்டேட் கிடைக்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இது உதவும். நீங்கள் பார்க்கும் மாடல் அங்கேயும் விற்கிறதா என்று மட்டும் பாருங்கள். விற்றால் அதே மாடலுக்கு அதே அப்டேட் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். அங்கே விற்காத, அப்டேட் எத்தனை வருடம் என்று எங்குமே எழுதாத டேப்லெட் என்றால் நான் இரண்டு வருடத்துக்கு மேல் கணக்கு வைக்கமாட்டேன்.

சரி, உங்களுக்கு. படிப்பு, குறிப்பு இரண்டுக்கும் வாங்குங்கள், சந்தேகமே வேண்டாம், அதுவும் 4:3-க்கு நெருக்கமான திரையும் நல்ல பேனாவும் இருந்தால். எழுத்து வேலை ஒரே ஆப்பில் தொடங்கி அதிலேயே முடிவதாக இருந்தால் அதற்கும் போதும். நாலு கோப்பைத் திறந்து, ஒட்டி, வெட்டி, பெயர் மாற்றி அனுப்பும் வேலை என்றால் அந்தப் பழைய லேப்டாப்பை விற்றுவிடாதீர்கள். அதில் இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி மாற்றிப் பாருங்கள், மூச்சு வாங்குவது பாதி நிற்கும். முன்பதிவு வேண்டாம். கீபோர்டு இலவசம் என்ற சலுகைக்காகத்தான் அவசரப்படுகிறீர்கள் என்றால், அந்தக் கீபோர்டைத் தனியாக விற்கிறார்களா, உடைந்தால் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். மாடலை நிறுத்தினால் சீக்கிரம் தட்டுப்பாடு வருவது அதற்குத்தான்.